கார்டு பொருந்தும்... வேகம் வருமா?

வீட்டில் ஏழெட்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். கல்லூரிக்குப் போகும் பிள்ளை, ‘‘ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கிக் குடுங்கப்பா. கேமும் ஆடலாம், வீடியோ எடிட்டிங்கும் பண்ணலாம்’’ என்று கேட்கிறான். புது கம்ப்யூட்டர் என்றால் கட்டுப்படியாகாது. கார்டு மட்டும் என்றால் தீபாவளி போனஸில் சமாளித்துவிடலாம். அப்பாவும் பிள்ளையும் ரிச்சி தெருவுக்குக் கிளம்புகிறார்கள். ‘‘இது எங்க மதர்போர்டுக்குப் பொருந்துமா?’’ என்று கேட்கிறார் அப்பா. ‘‘தாராளமா பொருந்தும் சார்’’ என்கிறார் கடைக்காரர்.

அவர் சொன்னது பொய் இல்லை. கேட்ட கேள்விதான் போதவில்லை.

கிராபிக்ஸ் கார்டு செருகும் அந்த நீளமான ஸ்லாட்டுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். 2003-ல் முதல் தலைமுறை வந்தது. பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். ஆனால், ஸ்லாட்டின் வடிவம் மாறவே இல்லை. நான்காம் தலைமுறை கார்டை மூன்றாம் தலைமுறை போர்டில் செருகினாலும் வேலை செய்யும். இரண்டில் எது பழசோ அதன் வேகத்தில் ஓடும். பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உபகாரம். குழப்பம் ஆரம்பிப்பதும் இங்கேதான்.

வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு எண்கள். ஒன்று, தலைமுறை. இன்னொன்று, லேன் எண்ணிக்கை. ஒரு லேனில் நொடிக்கு இரண்டாம் தலைமுறையில் அரை ஜிபி தகவல் போகும். மூன்றாம் தலைமுறையில் ஏறக்குறைய 1 ஜிபி. நான்காவதில் 2 ஜிபி. நீளமான ஸ்லாட்டில் 16 லேன் வரை இருக்கும் என்பதால், மூன்றாம் தலைமுறை போர்டிலேயே நொடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி கிடைக்கும். இது தாராளம்.

சிக்கல், எல்லா கார்டும் 16 லேனையும் பயன்படுத்துவதில்லை என்பதில் இருக்கிறது. நல்ல உதாரணம், 2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 199 டாலர் என்று அறிவிக்கப்பட்ட சிக்கன கார்டு. நினைவகம் 4 ஜிபி. நான்காம் தலைமுறைதான், ஆனால் லேன் வெறும் 4. புதிய போர்டில் செருகினால் நொடிக்கு சுமார் 8 ஜிபி கிடைக்கும். மூன்றாம் தலைமுறை போர்டில் அது 4 ஜிபியாகச் சுருங்கிவிடும். ஸ்லாட்டில் மிச்சம் 12 லேன் சும்மாதான் கிடக்கும். கார்டு அதைத் தொடாது.

இது ஏன் வலிக்கிறது என்பதைத் தண்ணீர்த் தொட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கார்டில் இருக்கும் நினைவகம் மொட்டைமாடித் தொட்டி. ஸ்லாட், தெருவிலிருந்து வரும் குழாய். தொட்டி பெரிதாக இருந்தால் குழாய் ஒல்லியாக இருப்பது தெரியாது. ஒரு தடவை நிரம்பினால் நாள் முழுக்க ஓடும். தொட்டி சின்னது, வீட்டில் ஆள் அதிகம் என்றால்தான் குழாயை நம்பிக் காத்திருக்க வேண்டும். 6500 எக்ஸ்டி தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 144 ஜிபி வேகத்தில் தகவல் எடுக்கும். விளையாட்டுக்கு 4 ஜிபி போதாமல் கம்ப்யூட்டரின் ராமிடம் கை நீட்டும்போது, பழைய போர்டில் கிடைப்பது நொடிக்கு 4 ஜிபிதான். திரையில் படம் திக்கித் திக்கி நகர்வது அப்போதுதான். மூன்றாம் தலைமுறை போர்டில் சோதித்தவர்களுக்குச் சில விளையாட்டுகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வேகம் குறைந்தது. சில விளையாட்டுகளில் வித்தியாசமே தெரியவில்லை. தொட்டி போதுமா, போதாதா என்பதுதான் கணக்கு.

இதில் ஒரு அநியாயம் உண்டு. விலை உயர்ந்த கார்டுகளுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. 24 ஜிபி நினைவகமும் 16 லேனும் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090-ஐ மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டாலும் விளையாட்டுகளில் சராசரியாகச் சில சதவீதம்தான் குறைகிறது. அடி வாங்குவது மலிவான கார்டு. அதை வாங்குவது யார்? பழைய கம்ப்யூட்டரை இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்று நினைக்கும் குடும்பம். ஆர்எக்ஸ் 6400 என்ற தம்பி கார்டின் கதை இன்னும் மோசம். அதுவும் 4 லேன், 4 ஜிபிதான். தனியாக பவர் ஒயர் வேண்டாம், குட்டை கேபினெட்டிலும் அடங்கும் என்பதால், ஆபீஸ்களிலிருந்து கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஏற்றது என்று அதைத்தான் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். அந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை மூன்றாம் தலைமுறையைத் தாண்டாதவை.

8 லேன் கார்டுகள் நடுவே நிற்கின்றன. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 8 லேன்தான், ஆனால் நினைவகம் 8 ஜிபி. பழைய போர்டில் லேசாகக் குறையும், அவ்வளவுதான். அதற்காக மதர்போர்டை மாற்றுவது வீண் செலவு.

போர்டு பக்கமும் சில பொறிகள் இருக்கின்றன. நான்காவது தலைமுறை ஐ5 ப்ராசஸரோடு செகண்ட் ஹேண்டில் விற்கப்படும் எச்81 போர்டுகளில் கார்டு ஸ்லாட் இரண்டாம் தலைமுறைதான். அதில் 4 லேன் கார்டைச் செருகினால் நொடிக்கு 2 ஜிபி. பி450 போர்டு என்றால் மூன்றாம் தலைமுறை. பி550 நான்காம் தலைமுறை போர்டு. ஆனால் அதில் ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் இருந்தால் மூன்றாவதாக இறங்கிவிடும். கார்டுக்கான லேன்கள் ப்ராசஸரிலிருந்து நேராக வருவதால், போர்டு அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் பார்த்தால் ஏமாற வேண்டியதுதான்.

நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தால் ப்ராசஸருக்குப் பக்கத்தில், மேலே இருப்பதில்தான் கார்டைச் செருக வேண்டும். கீழே இருப்பது பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், பல போர்டுகளில் உள்ளே 4 லேன்தான் இணைத்திருப்பார்கள்.

மற்றவை எல்லோரும் சொல்வதுதான். ஸ்லாட் தரும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 6 பின் அல்லது 8 பின் ஒயர் வேண்டும். கேபினெட்டுக்குள் எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று வீட்டிலேயே டேப் வைத்து அளந்துகொண்டு போவது நல்லது. ரொம்பப் பழைய போர்டு என்றால் பயாஸ் புதிய கார்டை அடையாளம் காணாமல் போகவும் வாய்ப்புண்டு.

ஆக, கடையில் கேட்க வேண்டியது, ‘‘இந்த கார்டுக்கு எத்தனை லேன், எத்தனை ஜிபி?’’ என்பது. வீட்டில் இருப்பது மூன்றாம் தலைமுறை போர்டு என்றால் 4 லேன், 4 ஜிபி கார்டைத் தவிர்ப்பதே நல்லது. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் பழைய மாடல்தான். ஆனால் 16 லேன், 6 ஜிபி. பட்ஜெட் இடம் கொடுத்தால் ஆர்டிஎக்ஸ் 3060-ல் 16 லேனும் 12 ஜிபியும் உண்டு.

வாங்கி மாட்டிய பிறகு, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ என்ற வரியைப் பார்க்கலாம். நடுவில் இருக்கும் ‘@’ குறிக்குப் பின்னால் வருவதுதான் கார்டு இப்போது ஓடும் தலைமுறையும் லேனும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த முதல் தலைமுறைக்கு இறங்கிக் காட்டும், பதற வேண்டாம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி, சோதனையை ஓடவிட்டுப் பார்த்தால் உண்மையான எண் தெரியும். 16 லேன் கார்டு அப்போதும் 4 என்று காட்டினால், கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எந்த ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். சரியான ஸ்லாட்தான் என்றால், கார்டைக் கழற்றி, தூசு தட்டி, ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்தி மாட்டிப் பார்க்கலாம்.