சாவி வீட்டுக்குள்ளே, கார் எங்கே?

விடுமுறைக்குத் தாப்பாவுக்கு வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது வாசல் கதவை ஒட்டிய ஆணியைத்தான். அதில் கார் சாவி தொங்கினால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று தெரியும். எங்கள் தாமானில் பல வீடுகளில் இதே பழக்கம். சாவிக்கும் வெளியே நிற்கும் காருக்கும் நடுவே ஒரு சுவரும் சில அடி தூரமும்தான். இந்தத் தவணையில் ரேடியோ அலைகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்த பிறகு, அந்த ஆணியைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

சாவியைத் துவாரத்தில் நுழைக்காமலே கதவைத் திறந்து, பொத்தானை அழுத்திக் காரை முடுக்கும் வசதி ஒரு காலத்தில் விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்தது. 2017 நவம்பரில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவியில் அது எல்லா ரகத்திலும் இடம்பெற்றது. இன்று அது சாதாரணக் குடும்பத்தின் வசதி. அதனால் அதன் பலவீனமும் சாதாரணக் குடும்பத்தின் கவலைதான்.

இது எப்படி வேலை செய்கிறது? கைப்பிடியைத் தொட்டதும் கார் மெல்லிய ரேடியோ அழைப்பு ஒன்றை விடுகிறது. அது ஓரிரு மீட்டருக்கு மேல் எட்டாது. சட்டைப் பையில் இருக்கும் சாவிக்கு அது கேட்டால், சாவி ரகசியக் குறியீட்டில் பதில் அனுப்பும். பதில் சரியாக இருந்தால் கதவு திறக்கும். ஆனால் சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கார் அளந்து பார்ப்பதில்லை. தன் அழைப்பு கேட்டுவிட்டதால் சாவி பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று நம்பிவிடுகிறது.

திருடர்களுக்கு அந்த நம்பிக்கையே போதும். ஒருவன் கருவியோடு கார் அருகே நிற்கிறான். இன்னொருவன் வீட்டுச் சுவரோரம் நிற்கிறான். காரின் அழைப்பை முதல் கருவி வாங்கி இரண்டாவதற்குக் கடத்த, ஆணியில் தொங்கும் சாவி பணிவாகப் பதில் சொல்லிவிடுகிறது. கண்ணாடி உடைவதில்லை, சைரன் அலறுவதில்லை. ஓடத் தொடங்கிய கார், சாவி தொலைவில் போய்விட்டாலும் நடுச்சாலையில் நின்றுவிடாது. பயணிகளின் பாதுகாப்புக்காகச் செய்த அந்த ஏற்பாடு திருடனுக்கும் உதவுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டிலேயே 8 நிறுவனங்களின் 10 கார்களைச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன.

பொத்தானை அழுத்தித் திறக்கும் ரிமோட்டிலும் சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறையும் புதிய குறியீடு போவதால், பழையதை ஒட்டுக்கேட்டுப் பயனில்லை என்று நம்பினோம். 2022-இல் நம் அண்டை நாடான சிங்கப்பூரின் ஆய்வாளர்கள், பழைய குறியீடுகள் சிலவற்றை வரிசையாகத் திரும்ப அனுப்பினால், சில கார்கள் தங்கள் கணக்கைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்துவிடுவதைக் காட்டினார்கள். எல்லாக் கார்களும் ஏமாறவில்லை என்பதையும் கவனியுங்கள். சரியாக வடிவமைத்தால் தடுக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அப்படியானால் அரசு என்ன செய்யலாம்? 2024 பிப்ரவரியில் கனடா அரசு, ஃபிளிப்பர் ஸீரோ போன்ற கருவிகளைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். பலவீனத்தைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கும் கருவி தேவை என்பது அவர்கள் வாதம். பிறகு அரசு தன் நிலையைத் தளர்த்தியது. கருவியைத் தடுப்பதைவிடப் பூட்டைச் சரிசெய்வதே முதல் வேலை என்பது என் கருத்தும்.

அதற்கு வழி இருக்கிறது. ரேடியோ அலை ஒரு நானோ வினாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் செல்லும். அலை போய்த் திரும்பும் நேரத்தைத் துல்லியமாக அளக்கும் புதிய சாவிகள் வந்துவிட்டன. இடையில் கருவி வைத்துக் கடத்தினால் நேரம் கூடுமே தவிரக் குறையாது. ஆகவே, தூரத்தில் இருக்கும் சாவி பக்கத்தில் இருப்பதாகப் பாசாங்கு செய்வது மிகக் கடினம். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் தானாகவே உறங்கிவிடும் சாவிகளும் உண்டு. கார் வாங்கும்போது நிறத்தையும் மாதத் தவணையையும் கேட்கிறோம். இந்தச் சாவி தூரத்தை அளக்குமா, உறங்குமா என்றும் கேட்போம். வாங்குபவர் கேட்காத வரை விற்பவர் அவசரப்படமாட்டார்.

நம் நாட்டில் கார்க் கடன் ஒன்பது ஆண்டு வரை நீள்கிறது. கார் களவுபோனாலும் கடன் களவுபோவதில்லை. சந்தை விலைக்குக் காப்புறுதி எடுத்திருந்தால், கிடைக்கும் தொகை பாக்கிக் கடனுக்குப் போதாமலும் போகலாம். எங்கள் வீட்டில் கார் இல்லையென்றால் அப்பா ஈப்போவுக்கு வேலைக்குப் போவதும், பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் நின்றுவிடும்.

அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். சாவியைப் பிளாஸ்டிக் மூடி போட்ட பால்மாவு டின்னில் வைத்து, டின்னோடு கார் பக்கத்தில் நின்று கைப்பிடியை இழுத்தேன். கதவு திறந்துகொண்டது! இறுக்கமான தகர மூடி உள்ள பிஸ்கட் டின்னில் வைத்து இழுத்தேன். திறக்கவில்லை. நீங்களும் உங்கள் வீட்டு டின்னைச் சோதித்துப் பாருங்கள். மாற்றுச் சாவியையும் மறக்க வேண்டாம்.

தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் தாத்தா தம் சைக்கிளைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டுவாராம். அதைச் சொல்லி அப்பா சிரித்தார். மறுநாள் பட்டணத்துக்குப் போனவர், ஸ்டீரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு ஒன்றை வாங்கி வந்தார்.