செவிவழிக் கல்வி: கேட்பது பாதி, ஓதிக்காட்டுவது மீதி



தேனியிலிருந்து கம்பம் செல்லும் பேருந்து வீரபாண்டியைக் கடக்கும் வேளையில் சற்றே திரும்பிப் பாருங்கள். இளைஞர் பலர் இயர்போன் அணிந்திருப்பர். அவர்கள் அனைவரும் பாட்டுக் கேட்பவர்கள் அல்லர். போட்டித் தேர்வுப் பாடம், ஆங்கில உரையாடல், குர்ஆன் விளக்கம் எனப் பாட்காஸ்ட் எனப்படும் வலையொலிகளைக் கேட்போரும் அவர்களிடையே உண்டு. அடுப்படியில் நிற்கும் நம் தாய்மார்களும் இவ்வாறே பயான் கேட்கின்றனர். இதனை ஊக்குவிப்பதா, தடுப்பதா என்னும் கேள்வி பெற்றோர்க்கு எழுவது இயல்பே.

செவிவழிக் கல்வி நமக்குப் புதிதன்று. இறைமறை ஓதப்பட்டு, கேட்கப்பட்டு, நெஞ்சங்களில் பதிந்தது. அது ஒரே ஏடாகத் தொகுக்கப்பட்டது அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில்தான். தமிழ் மண்ணிலும் வள்ளுவர் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியே தஞ்சை வயல்களில் பரவிய ஆடுதுறை 27 நெல்லை, உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். காதால் கேட்டது களத்தில் விளைந்ததற்கு அது சான்று.

வலையொலியின் நன்மைகள் தெளிவானவை. கைக்குழந்தையுடன் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும், பார்வைக் குறைபாடு உடையவருக்கும், படிக்கத் தடுமாறுபவருக்கும் அது கல்வியின் கதவைத் திறக்கிறது. புரியாத இடத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒருமுறை பதிவிறக்கினால் இணையமின்றியும் கேட்கலாம்.

குறைகளும் உண்டு. வரைபடத்தையும் கணக்கின் படிகளையும் ஒலியால் காட்ட இயலாது. வேறு வேலையில் கை இருக்க, மனம் பாதியே கேட்கிறது. ஆயினும் முழுதும் அறிந்துவிட்டதாக எண்ணம் உண்டாகிறது. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. தமிழில் 'கேட்டல்' என்பதற்குச் செவிமடுத்தல், வினவுதல் என இரு பொருள்கள். வலையொலியில் முதலாவது கிடைக்கிறது, இரண்டாவது கிடைப்பதில்லை. அது பேசும், நாம் பேசுவதைக் கேட்காது.

ஹா என்னும் ஒலிக்கு அரபியில் இரு எழுத்துகள் உள்ளன. நம் பிள்ளை ஆயிரம் முறை கிராஅத் கேட்டாலும், தன் நாவு எந்த எழுத்தில் பிழைக்கிறது என்பதைத் தானே அறிவது அரிது. உஸ்தாதிடம் ஓதிக்காட்டினால்தான் பிழை வெளிப்படும். ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் குர்ஆனை ஓதிச் சரிபார்த்தார்கள். இறுதி ஆண்டில் இருமுறை அவ்வாறு செய்தார்கள். அண்ணலாரே பின்பற்றிய முறையை விட்டு, கேட்டதே போதும் என நாம் எவ்வாறு இருக்க இயலும்?

மார்க்கச் சட்டங்களில் இந்தக் குறை ஆபத்தாகவே மாறும். கணவரை இழந்த பெண்ணுக்கு, கணவருக்குப் பிள்ளைகள் இருப்பின் சொத்தில் 1/8 பங்கு, இல்லையெனில் 1/4. ஒரே ஒரு விவரம் மாறினால் பங்கு இருமடங்காகிறது. யாரோ ஒருவருக்கு அளிக்கப்பட்ட விடையைச் செவியுற்று, அதையே நம் வீட்டுப் பாகப்பிரிவினைக்குப் பொருத்துவோமாயின், ஒரு விதவையின் உரிமையைப் பறித்தவர்களாவோம். தலாக் தொடர்பான விடைகளும் இத்தகையவையே. அறியாதவற்றை அறிந்தோரிடம் வினவுமாறு குர்ஆன் (16:43) பணிக்கிறது. பேசுபவர் யார், யாரிடம் கற்றவர் என்று நோக்குவதும் நம் முன்னோர் நெறி.

ஆகவே தடுப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை, முறைப்படுத்துவதையே பரிந்துரைக்கிறோம். 1956இல் புனே வட்டாரக் கிராமங்களில் யுனெஸ்கோ உதவியுடன் வானொலி உழவர் மன்றங்கள் நடைபெற்றன. மக்கள் கூடிக் கேட்டனர், கேட்டதை விவாதித்தனர், பின்னர் செயலில் இறங்கினர். அம்முறை நம் இல்லங்களுக்கும் பொருந்தும். வாரம் ஒருநாள் மஃரிபுக்குப் பின் குடும்பமாக அமர்ந்து ஒரு வலையொலியைக் கேட்போம். கேட்டதைப் பிள்ளைகள் தம் சொற்களில் கூறட்டும். எழும் ஐயங்களைக் குறித்துவைத்து, பாட ஐயங்களை ஆசிரியரிடமும், மார்க்க ஐயங்களைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கொண்டுசெல்வோம். மக்தபுக்கு அனுப்புவதை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதிருப்போம்.

செவி, பார்வை, உள்ளம் ஆகிய அனைத்தும் விசாரிக்கப்படும் என்பது இறைவாக்கு (17:36). செவியில் விழுந்தது உள்ளத்தைச் சேர்ந்ததா என்று இன்றே நம்மை நாம் வினவிக்கொள்வோம். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.