கடல் பார்க்காதவள் தீவு எழுதக் கூடாதா?

பென்னாகரத்தில் நடந்த சிறிய வாசகர் கூட்டம் ஒன்றில், பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருத்தி தான் எழுதிவரும் கதையின் முதல் அத்தியாயத்தைப் படித்தாள். கடல் நடுவே ஒரு தீவு ராஜ்யம், அதற்கு ஒரு ராஜா, மூன்று கிணறுகள். படித்து முடித்ததும் சிறப்பு விருந்தினராக வந்திருந்த எழுத்தாளர் கேட்ட முதல் கேள்வி, “கடலைப் பார்த்திருக்கிறாயா?” என்பது. இல்லை என்றாள். “அப்படியானால் தீவை விட்டுவிடு. உன் ஊரில் தண்ணீர்க் கஷ்டம் இருக்கிறது, பல்லில் கறை இருக்கிறது, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற சனம் இருக்கிறது. அதை எழுது” என்றார். அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டம் முடியும்வரை திறக்கவில்லை.

அது வாய் தவறி வந்த பேச்சாக இருந்தால் மறந்திருப்பேன். ஆனால் அவர் அதையே விரித்துச் சென்ற மாதம் இந்த இதழில் கட்டுரையாக எழுதிவிட்டார். இல்லாத நாட்டைக் கட்டி எழுப்பும் மரபு தமிழில் கிடையாதாம். இருப்பதெல்லாம் புராணத்தைத் திருப்பிச் சொல்வதாம். கடலோரத்தில் வாழாதவன் எழுதும் தீவு அட்டைத் தீவாம். அப்படியும் எழுதியே தீருவேன் என்பவர்கள் டோல்கீன், லெ குவின் போன்ற மேல்நாட்டுக் கற்பனை எழுத்தாளர்களைப் படித்து, முதலில் வரைபடம், பிறகு மொழி, பிறகு நாணயம் என்று வரிசையாகக் கற்றுக்கொண்டு வர வேண்டுமாம். இதில் ஒன்றுகூட உண்மை இல்லை. ஒரு பிள்ளையின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்க இத்தனை பொய் தேவைப்பட்டிருக்கிறது.

கடலில் தொடங்குகிறேன். பென்னாகரத்திலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போனாலும் 200 கிலோமீட்டருக்கு மேல். அதனால் இந்த ஊர்க்காரருக்குத் தீவு தெரியாது என்கிறார். இங்கிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஒகேனக்கல். காவிரி அங்கே பாறைகளுக்கு நடுவே பல கிளையாகப் பிரிந்து, திட்டுத் திட்டாக நிலத்தை விட்டுவிட்டுப் போகிறது. மூங்கில் பரிசலில் சுழன்று சுழன்று அக்கரை சேர்ந்தவர்கள் இவர்கள். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்தால், பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கனஅடி என்று கேட்டே எந்தத் திட்டு முழுகும், பரிசல் ஓடுமா என்று சொல்லிவிடுகிற ஆட்கள் ஆற்றோரத்தில் உண்டு. நேற்று நின்று மீன் வறுத்த இடம் இன்றைக்கு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். தீவைப் பற்றி இதைவிடக் கூர்மையான அறிவு எது? கடற்கரை பங்களாவில் இருந்து பார்த்தால் அலைதான் தெரியும்.

தமிழுக்கும் இது தெரியும். ஆற்று நடுவே மேடிட்ட நிலத்துக்கு நம் மொழியில் துருத்தி என்று பெயர், அரங்கம் என்றும் பெயர். திருவரங்கம் அப்படி வந்த பெயர்தான். கூத்தாடும் மேடைக்கும் அதே சொல்தான். ஆற்றுத்தீவுக்கும் நாடக மேடைக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிற மொழியில் நின்றுகொண்டு, இங்கே தீவைக் கற்பனை செய்தவர் இல்லை என்கிறார் இவர். டோல்கீனை இவர் சாட்சிக்கு அழைப்பதால் கேட்கிறேன்: கடலில் மூழ்கிய நூமெனோர் என்ற தீவு ராஜ்யத்தைப் படைத்த அந்த மனிதர் எங்கே வளர்ந்தார்? பர்மிங்காமையும் அதைச் சுற்றியிருந்த கிராமங்களையும் விடக் கடலுக்குத் தள்ளி இருக்கும் இடம் இங்கிலாந்தில் அதிகமில்லை. பிறகு ஆயுளில் பெரும்பகுதி ஆக்ஸ்ஃபோர்டில். அவரிடம் கேட்காத கேள்வியைப் பென்னாகரத்துப் பெண்ணிடம் கேட்க இவருக்கு எப்படி மனம் வந்தது?

அடுத்தது, புராணத்தைத் திருப்பிச் சொன்னோம் என்ற குற்றச்சாட்டு. பவளக்கொடி கதையை இவர் கேள்விப்பட்டிருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். அல்லிக்கும் அர்ச்சுனனுக்கும் பிறந்த புலந்திரன் விளையாடப் பவளத்தேர் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். பவளம் தேடி அர்ச்சுனன் கடல் கடந்து போகிறான். போன இடத்தில் ஒரு நாடு, அதை ஆள்கிற பெண் பவளக்கொடி. பவளத்தீவு, பவள நாடு, பவளக்காடு என்று சொல்பவருக்குத் தக்கபடி பெயர் மாறும். வியாசர் பாரதத்தில் இந்த நாட்டைத் தேடுங்கள், கிடைக்காது. அல்லியையாவது சித்திராங்கதையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. பவளக்கொடிக்கு அந்த ஒட்டும் இல்லை. அர்ச்சுனன் என்ற தெரிந்த ஆளை மட்டும் இரவல் வாங்கி, அவன் காலடிக்குக் கீழே ஒரு புதிய தேசத்தை விரித்தவர்கள் தமிழ்ச் சனங்கள். புகழேந்தியின் பெயரில் வழங்கும் பவளக்கொடி மாலை, பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைக் கடைகளில் விற்றது. சங்கரதாஸ் சுவாமிகள் அதை நாடகமாக்கினார். 1934-ல் அது படமாகி, அதில்தான் தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தார். ஒரு தீவு ராஜ்யம் ஏட்டிலும் அச்சிலும் மேடையிலும் திரையிலும் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறது. இதற்கு மேல் மரபு என்று எதைச் சொல்வது?

கூத்து அந்தத் தீவைக் கட்டுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பொதுவிடத்தில் கொஞ்சம் இடம், ஒரு விளக்கு. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கட்டியக்காரன் கேட்பான்: நீ யார், எந்த நாடு, உன் குலம் என்ன, எதற்காக இந்தச் சபைக்கு வந்தாய்? வேடக்காரர் பாட்டில் பதில் சொல்லச் சொல்ல நாடு எழும்பும். அரசர் மந்திரியிடம் மாதம் மும்மாரி பெய்கிறதா என்று விசாரிப்பார். கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? மானாவாரிக் காட்டில் கேழ்வரகும் சாமையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவர்கள். மாதம் மூன்று மழை பெய்கிற நாடு அவர்களுக்கு எத்தனை பெரிய அதிசய தேசம்! அந்த நாட்டை விடிய விடியக் கண் முன்னால் நிறுத்திவிட்டு, காலையில் அதே மண்ணில் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. கட்டியக்காரனின் நாலு கேள்வி போதுமாயிருந்தது. இந்தப் பெண் கூத்துப் பார்த்து வளர்ந்தவள். அவள் கதையின் முதல் பக்கத்தில், கரை ஒதுங்கிய ஒருவனிடம் தீவின் காவலாளி நாலு கேள்வி கேட்கிறான். இவர் காதில் அது விழவில்லை.

மணிமேகலைக்கு வருகிறேன், கட்டுரையில் இவர் ஒற்றை வரியில் “பௌத்தப் பிரசாரம்” என்று தள்ளிவிட்ட நூல் அது. சமய நூல்தான், யார் மறுத்தார்கள்? புகாருக்குத் தெற்கே முப்பது யோசனையில் மணிபல்லவம் என்று ஒரு தீவை அதை எழுதிய சாத்தனார் வைக்கிறார். அங்கே தொழுதவருக்கு முற்பிறப்பைக் காட்டும் பீடிகை, அதைக் காக்கத் தீவதிலகை. கோமுகிப் பொய்கையில் ஆண்டுக்கு ஒரே நாள், வைகாசி விசாகத்தில், அமுதசுரபி மேலே வரும். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்பது எந்த ஊர்ப் பாட்டியும் சொல்லக்கூடிய அதிசயம். சாத்தனார் அதற்கு வைத்த விதிதான் அவரைப் பெரிய படைப்பாளி ஆக்குகிறது. ஆபுத்திரன் என்பவன் கையில் அந்தப் பாத்திரம் இருக்கிறது. இந்திரன் அவன்மேல் கோபங்கொண்டு மழையைக் கொட்டிப் பாண்டிநாட்டைச் செழிக்க வைக்கிறான். சோறு கேட்டு வருபவர் யாருமில்லை. சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறுகிறான். காற்றுக்காக மணிபல்லவத்தில் நிறுத்திய கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. மனிதரே இல்லாத தீவு, கையில் எத்தனை பேருக்கும் சோறு தரும் பாத்திரம். பிறருக்கு இடாமல் தான் மட்டும் உண்டு உயிர் வைத்திருக்க அவனுக்கு மனமில்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். வாங்குபவன் இல்லாத இடத்தில் கொடுக்கும் வல்லமை செத்துப்போகிறது என்ற விதியை ஒரு தீவை வைத்தே சொல்ல முடியும். அதைச் சொல்லத்தான் அந்தத் தீவை ஆளில்லாமல் படைத்தார்.

அதே நூலில் சாதுவன் என்பவன் கப்பல் உடைந்து, பாய்மரத் துண்டைப் பற்றி நாகர் மலையில் ஒதுங்குகிறான். ஆடையில்லாத, மனிதரைத் தின்னும் மக்கள். அவர்கள் பாஷை அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் பிழைக்கிறான். கள்ளும் ஊனும் பெண்ணும் தருகிறேன் என்ற தலைவனிடம் மறுத்துப் பேசுகிறான். நல்வினை தீவினை பற்றி நீண்ட வாதம் நடக்கிறது. முடிவில் தலைவன், எங்கள் வாழ்க்கைக்குத் தக்க அறத்தைச் சொல் என்று கேட்க, உடைந்த கப்பலில் வருகிறவரைக் கொல்லாதே, மூத்துத் தானாகச் சாகும் விலங்கைத் தவிர மற்றதைக் கொன்று தின்னாதே என்ற அளவுக்கு ஓர் உடன்பாடு வருகிறது. மொழி, உணவு, சட்டம், அந்நியனோடு பேச்சுவார்த்தை எல்லாம் ஒரே காதைக்குள். புதிய உலகைப் படைப்பவன் எதையெதை யோசிக்க வேண்டும் என்று இவர் மேல்நாட்டிலிருந்து இறக்குமதி செய்த பட்டியலில் இதில் இல்லாதது எது?

பெயரிட்ட நிலப்பரப்பும் இங்கில்லை என்கிறாரே, சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் பஃறுளிக்கும் குமரிக்கும் நடுவே எழுநூறு காவதத்தில் நாற்பத்தொன்பது நாடுகளை அடுக்குகிறார். ஏழ்தெங்க நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று மரத்தையும் மண்ணையும் வைத்துப் பெயர் போட்டுப் போகிற அழகு தனி. 1864-ல் ஸ்க்ளேட்டர் மடகாஸ்கர் விலங்குகளுக்கு விளக்கம் தேடி லெமூரியா என்று ஒரு பெயர் வைத்தார். பிறகு லெமூரியாவையும் இந்த நாடுகளின் பட்டியலையும் ஒட்டவைத்து நிலவியல் சான்று கேட்டு நாம் சண்டை போட்டது வேறு கதை. அந்தப் பட்டியலைக் கற்பனையின் சொத்தாக ஏற்றுக்கொண்டிருந்தால் தமிழில் இன்று நூறு நாவல் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இவையெல்லாம் தெரியாமல் பேசியதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது அந்தப் பெண்ணுக்கு இவர் ஒதுக்கிக் கொடுத்த பங்கு. வறண்ட மாவட்டத்தில் பிறந்தவள் வறட்சியைத்தான் எழுத வேண்டும். கற்பனை, கடல், ராஜ்யம் எல்லாம் தண்ணீர் வசதி உள்ளவர்களுக்கு. ஏழை வீட்டுப் பிள்ளை பொம்மை கேட்டால் சாப்பாட்டுத் தட்டைக் காட்டுகிற குணம் இது. நம் கஷ்டத்தைச் சாட்சியம் போல எழுதித் தந்தால் இவர்கள் நகரத்தில் உட்கார்ந்து படித்து உச்சுக் கொட்டுவார்கள். நாமே ஒரு நாட்டைப் படைத்தால் இவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அவள் என்ன எழுதியிருந்தாள் என்று கேட்டாரா? கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். பென்னாகரம் இருக்கும் தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டி 2013-ல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பல் உருவாகிற சின்ன வயதில் அந்த நீரைக் குடித்தவருக்குக் கறை உள்ளேயே படிந்துவிடும். பிறகு எத்தனை நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. இதை அவள் அப்படியே எடுத்துத் தன் தீவின் சட்டமாக்கிவிட்டாள். அந்தத் தீவில் மூன்று கிணறு. ஒன்று அரண்மனைக்கு, ஒன்று வணிகருக்கு, ஒன்று வலை வீசுகிறவர்களுக்கு. எந்தக் கிணற்றில் குடித்து வளர்ந்தாய் என்பதைப் பல் காட்டிக் கொடுத்துவிடும். பெயரை மாற்றலாம், உடையை மாற்றலாம், மொழியைக்கூடக் கற்றுக்கொள்ளலாம், பல்லை மாற்ற முடியாது. அதனால் அந்த நாட்டில் சிரிப்பு ஆபத்தானது. சபையில் எல்லோரும் வாயை மூடியே சிரிக்கப் பழகியிருக்கிறார்கள். காதலிப்பவர்கள் முதல்முறை வாய்விட்டுச் சிரிப்பதுதான் அங்கே கல்யாணத்துக்குச் சம்மதம்.

“பல்லில் கறை இருக்கிறது, அதை எழுது” என்று இவர் சொன்னபோது, அதைத்தான் அவள் எழுதிப் படித்துக் காட்டியிருந்தாள். கறையைக் கறையாகப் பார்க்கத்தான் இவருக்குத் தெரியும். அவள் அதை ஒரு ராஜ்யத்தின் அஸ்திவாரமாகப் பார்த்தாள்.

கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மீதியைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். ராஜாவுக்கு வாரிசு இல்லை. யானை மாலை போட்டது மூன்றாவது கிணற்று இளைஞன் ஒருவனுக்கு. முடிசூட்டும் அன்று புதிய அரசன் குடிகள் முன்னால் வாய் திறந்து சிரிக்க வேண்டும் என்பது அந்தத் தீவின் வழக்கம். அவன் அரண்மனை மாடியில் வந்து நிற்கிறான், கீழே மூன்று கிணற்றுச் சனமும் நிமிர்ந்து பார்க்கிறது. அவன் சிரித்தானா என்று கேட்டேன். இன்னும் எழுதவில்லை, ரெண்டு பக்கம் பாக்கி இருக்கிறது சார் என்றாள். அந்த ரெண்டு பக்கத்தை எழுதாதே என்று சொல்ல இவர் யார்?