திறப்பு விழா இல்லாத வேலை

ரொறன்ரோவுக்கு வெளியே கிராமப்புறமொன்றில் வசிக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் ஒரு கதை சொன்னார். அவருடைய அயலவர் குதிரை வளர்ப்பவர். குதிரைகளைப் போட்டிகளுக்குக் கொண்டு செல்ல ஓர் இழுவை வண்டி வைத்திருக்கிறார். வண்டியின் பின்பாதி குதிரைகளுக்கு, முன்பாதி மனிதர் தங்குவதற்கு. சிறு சமையற்கட்டு, குளியலறை, வெந்நீர்க் கொதிகலன், தண்ணீர்த் தாங்கி எல்லாம் அதற்குள் உண்டு. ஆண்டுதோறும் ஒக்டோபரில், பனி இறுகுவதற்கு முன்பாக, ஒரு சனிக்கிழமையை அந்த மனிதர் இந்த வண்டிக்கென்றே ஒதுக்கி வைக்கிறார். தாங்கியையும் கொதிகலனையும் வடிக்கிறார். குழாய்களின் தாழ்ந்த முனைகளைத் திறந்து விடுகிறார். காற்றடிக்கும் இயந்திரத்தால் மிச்ச நீரை ஊதி வெளியேற்றுகிறார். பின்னர், எளிதில் உறையாத இளஞ்சிவப்புத் திரவமொன்றை உள்ளே செலுத்தி, ஒவ்வொரு குழாயிலும் அந்த நிறம் வரும்வரை பார்த்திருந்து மூடுகிறார். அரைநாள் வேலை. சில டொலர் செலவு.

“செய்யாமல் விட்டால்?” என்று கேட்டேன்.

“தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்களவில் விரியும். குழாய் வெடிக்கும். ஆனால் வெடித்தது அப்போது தெரியாது. வசந்தத்தில் மறுபடி தண்ணீர் விடும்போதுதான் தெரியும்” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னை வன்னிக்குக் கொண்டு சென்றது. அங்கே மாரி என்றால் பனி. வன்னியில் மாரி என்றால் மழை. ஆனால் மாரிக்கு முன்பு செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால், குற்றம் ஒரு மாதத்திலும் தண்டனை இன்னொரு மாதத்திலும் வரும் என்பது இரு இடத்துக்கும் பொது. ஆவணியில் செய்த குற்றத்துக்கு மார்கழியில் தண்டனை. அதை அனுபவிப்பவர்களோ குற்றம் செய்தவர்கள் அல்லர்.

வன்னிப் பெருநிலப்பரப்பில் வற்றாத ஆறு கிடையாது. கனகராயன் ஆறும் பாலியாறும் பேராறும் மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் வந்து விழுகிறது. அதைப் பிடித்து வைப்பதற்காகவே இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், தண்ணிமுறிப்பு, பாவற்குளம் போன்ற பெருங்குளங்களும், ஊருக்கு ஊர் சிறுகுளங்களும் உண்டாயின. பிடித்து வைத்தால் காலபோகம், சிறுபோகம், கிணற்றில் நீர். கட்டு உடைந்தால் அதே நீர் வயலையும் வீட்டையும் ஆட்டையும் மாட்டையும் அள்ளிக்கொண்டு போகும்.

மாரிக்கு முன்பு என்னதான் செய்ய வேண்டும்? வானியல் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. குளக்கட்டில் முளைத்த மரஞ்செடிகளைச் சிறிதாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். வளரவிட்ட மரம் பட்டுப்போய் வேர் உக்கினால், வேர் இருந்த வழியே நீர் துளை தேடி மண்ணை அரித்துச் செல்லும். கறையான் புற்றும் எலி வளையும் அப்படியே. துருசின் கதவு ஏறி இறங்குகிறதா, அதன் திருகுத்தண்டுக்குக் கிறீஸ் பூசப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வான் வாயிலில் மண்டிய பற்றையை அகற்ற வேண்டும். வானுக்குக் கீழே வெள்ளம் வடிந்தோடும் பாதையை யாராவது அடைத்து வேலி போட்டிருக்கிறார்களா என்று நடந்து பார்க்க வேண்டும். உழவு இயந்திரங்கள் ஏறி இறங்கிக் கட்டில் பள்ளம் விழுந்த இடங்களுக்கு மண் போட்டு இறுக்க வேண்டும். பள்ளமான இடத்தில்தான் நீர் முதலில் மேவும். மேவிய இடத்தில்தான் கட்டு உடையும்.

மண்வெட்டியும் கத்தியும் கிறீஸ் பேணியும் சில நாட் கூலியும் போதும். இந்த வேலைக்கு அமைச்சர் வரமாட்டார். நாடா வெட்ட முடியாது. பெயர்ப்பலகை திறக்க முடியாது. அதனாலேயே இதற்குப் பணமும் கிடைப்பதில்லை, ஆளும் கிடைப்பதில்லை என்பது என் குற்றச்சாட்டு.

போருக்குப் பின்னர் குளங்களுக்குப் பணம் செலவிடப்படவில்லையா என்று கேட்கக்கூடும். செலவிடப்பட்டது. 2009 ஜனவரியில் கட்டு உடைக்கப்பட்ட கல்மடுக்குளம் மீண்டும் கட்டப்பட்டது. இரணைமடு பெருஞ்செலவில் புனரமைக்கப்பட்டது. இவற்றை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் புனரமைப்பு வேறு, பராமரிப்பு வேறு. பராமரிப்புக்கு ஆண்டுதோறும் கொடுக்க மறுத்த சிறு தொகைதான், பத்து ஆண்டுகளின் பின் புனரமைப்பு என்ற பெயரில் பெருங்கடனாக வந்து நிற்கிறது. கடன் வாங்கிக் கட்டுவோம், கவனிக்காமல் கெடவிடுவோம், மறுபடியும் கடன் வாங்கிக் கட்டுவோம். இதற்கு அபிவிருத்தி என்று பெயர்.

இரணைமடுவையே எடுத்துக்கொள்வோம். 1902 இல் தொடங்கிய கட்டுமானம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இழுபட்டு முடிந்தது. பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டு 1970 களில் 106,500 ஏக்கர் அடி கொள்ளளவை எட்டியது. அண்மைய புனரமைப்பில் மேலும் 2 அடி உயர்த்தப்பட்டு ஏறத்தாழ 119,500 ஏக்கர் அடியானது. 2018 டிசம்பர் 7 ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து அதனை மக்களிடம் கையளித்தார். இரண்டே வாரங்களில், டிசம்பர் 21 ஆம் திகதி இரவு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. பல்லாயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்தது. விசாரணையும் நடந்தது.

யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. கட்டும் புதிது, புனரமைப்பும் புதிது. அப்படியிருந்தும் கேள்வி கதவைத் திறக்கும் நேரத்தைப் பற்றியே எழுந்தது என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். எந்த அளவு மழைக்கு எந்த அளவு திறப்பது, கட்டளை இடுவது யார், கீழே குடியிருப்போருக்கு அறிவிப்பது யார், அறிவித்த பின் எத்தனை மணி நேரம் காத்திருப்பது? இவையெல்லாம் செப்டெம்பரில், வெயிலில், மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவு செய்ய வேண்டியவை. டிசம்பர் இரவில், கொட்டும் மழையில், தொலைபேசியில் முடிவு செய்ய வேண்டியவை அல்ல.

இங்கே விவசாயியின் நியாயமான அச்சமொன்றையும் சொல்லியாக வேண்டும். வெள்ளத்துக்கு இடம் வைக்க வேண்டுமென்று முன்கூட்டியே நீரைத் திறந்துவிட்ட பின் மழை பொய்த்தால் சிறுபோகம் போய்விடும். நிரம்பிய குளத்தைப் பார்த்து மகிழ்பவன் பேராசைக்காரன் அல்லன். பசியை அறிந்தவன். ஆனால் அந்த அச்சத்தை மேட்டு நிலத்துக்கும் பள்ள நிலத்துக்கும் இடையிலான மௌனச் சூதாட்டமாக விட்டுவைப்பது எந்த நியாயம்? எந்தத் திகதியில் எந்த மட்டம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எல்லாரும் அறிய எழுதி வைக்கலாம். அதன்படி திறந்து சிறுபோகம் குறைந்தால் நட்டஈடு இன்னது என்றும் எழுதி வைக்கலாம். எழுதாத விதிக்கு யாரும் பொறுப்பாளி இல்லை.

குளத்துக்குப் பொறுப்பாளி யார் என்று தேடிப் பாருங்கள், தலை சுற்றும். 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. அதிலும் மத்திக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று. கைவிடப்பட்ட குளத்தில் காடு வளர்ந்துவிட்டால் வனவளத் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். வான் நீர் வீதியைக் கடந்தால் வீதிக்காரர் வேறு. மழைநீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. அது மேற்குளத்திலிருந்து கீழ்க்குளத்துக்கு ஓடும். மேலே ஒரு சிறுகுளம் உடைந்தால் கீழே உள்ள பெருங்குளம் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும்.

முன்னைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. இராஜகாரிய முறை 1832 இல் ஒழிக்கப்பட்டது சரியானதே. கட்டாய உழைப்பை யாரும் போற்ற முடியாது. ஆனால் அதற்குப் பதிலாகக் குளங்களைப் பேண ஒரு முறை வேண்டுமென்பது ஆட்சியாளருக்கு உறைக்கச் சில பத்தாண்டுகள் பிடித்தன. ஊர் வழமைகளுக்கு உயிர் கொடுக்க 1856 இல் நீர்ப்பாசனச் சட்டம் வந்தது. 1958 இன் நெற்காணிச் சட்டம் பழைய விதானை முறையை அகற்றிப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கட்டில் நடந்து பார்க்கும் கால்கள் குறைந்தன. பின்னர் போர் வந்தது. 2008, 2009 இல் வன்னியின் சனம் முழுவதும் பெயர்க்கப்பட்டது. செட்டிக்குளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. தகப்பனோடு கட்டில் நடந்து பழக வேண்டிய பிள்ளை அந்த வயதைக் கூடாரத்தில் கழித்தது. இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

இளம் நிருபராக இருந்த காலத்தில் வெள்ளச் செய்தி சேகரிக்க முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சிறுகுளத்துக்குப் போயிருந்தேன். ஊரார் வட்டவிதானை என்று அழைத்த முதியவர் ஒருவர் கட்டின் அடிவாரத்தில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். காலில் குளிர் பட்ட இடத்தில் நின்று குனிந்து பார்ப்பார். கசிவு தெளிந்த நீரா, கலங்கிய நீரா என்று பார்க்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது. கலங்கியிருந்தால் கட்டின் மண் கரைகிறது என்று பொருள். என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, இப்ப வந்து என்னத்தைப் பார்க்கப் போறீர்? ஆவணியிலை வந்திருக்க வேணும்.”

நான் ஆவணியில் போகவில்லை. அடுத்த ஆண்டும் போகவில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல், 2020 டிசம்பரில் புரேவி, 2025 நவம்பர் இறுதியில் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட டித்வா என்று ஒவ்வொரு முறையும் நாம் பத்திரிகைக்காரர் தலைப்புச் செய்தி எழுதினோம். வெடித்த ஓசைக்கு ஓடிப் போகும் நாம், வெடிக்கப் போவதைப் போய்ப் பார்ப்பதில்லை. இந்தக் குற்றப்பத்திரிகையில் என் தொழிலின் பெயரும் இருக்க வேண்டும்.

அரசியல்வாதிகளின் பெயரும் இருக்க வேண்டும். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா, மறுப்பதா என்று ஆண்டுக்கணக்காகச் சண்டையிட்டார்கள். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்துக்கென 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நீர் யாருக்கு என்று கேட்ட அத்தனை குரல்களில், அந்த நீரைத் தாங்கும் கட்டு எப்படி இருக்கிறது என்று கேட்ட குரல்கள் எத்தனை? விவசாயிகளும் தப்ப முடியாது. குளத்தின் உட்பகுதியைப் பிடித்து வயல் ஆக்கியவரும், வாய்க்காலை மறித்தவரும், இரவோடிரவாக ஆற்று மணல் அள்ளியவரும் கொழும்பிலிருந்து வந்தவர்கள் மட்டுமல்லர்.

காலநிலை மாறிவிட்டது, இப்போதைய மழைக்கு எந்தப் பராமரிப்பும் தாங்காது என்பார்கள். மழை மாறியிருக்கிறது, மெய்தான். பலவீனமான கட்டுக்கு அது இன்னும் பெரிய ஆபத்து என்பதே அதன் பொருள். நோய் கடுமையாகிவிட்டது என்பதற்காகக் காயத்தைக் கழுவாமல் விடுவார் உண்டா?

கேட்பது அதிகமில்லை. ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 30 க்கு முன்பு ஒவ்வொரு குளத்தின் கட்டு, துருசு, வான், வடிபாதை ஆகியவற்றின் நிலையை எழுதி, பார்த்தவரின் கையொப்பத்தோடு கமநல சேவை நிலையத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். கதவுகளை வெயிற்காலத்திலேயே ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும், ஊரார் முன்னிலையில். இந்த வேலைக்கான கூலி கமக்காரர் அமைப்பின் கையில் ஆவணி பிறக்கும் முன் கிடைக்க வேண்டும். புனரமைப்புக்கு ஒதுக்கும் ஒவ்வொரு பெருந்தொகையோடும் பராமரிப்புக்கான ஆண்டுத் தொகையும் சேர்ந்து வர வேண்டும். இல்லையேல் அந்தக் கடனில் கையெழுத்திடக் கூடாது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு சொல். கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் கை உங்களுடையது. உங்கள் ஊர்ச் சிறுகுளத்தின் கட்டைத் துப்புரவாக்க நாலு நாட் கூலி கொடுத்தால் பெயர் பொறிக்கக் கல் கிடைக்காது. அந்தக் கட்டு மார்கழியில் உடையாது, அவ்வளவுதான். உடையாத கட்டை யாரும் படம் பிடிப்பதும் இல்லை.

கிளிநொச்சி நகரில், போரில் சாய்ந்த பெரிய தண்ணீர்த் தாங்கியை வேலி போட்டுப் பாதுகாத்துக் காட்சிக்கு வைத்தார்கள். உடைந்த நீர்த்தாங்கியைப் பார்க்க ஆட்களைக் கொண்டுவந்த நாட்டில், உடையாத குளக்கட்டைப் பார்க்க ஒரு ஆளை அனுப்ப முடியாதா?

மழை தொடங்கியதும் ஊருக்குத் தொலைபேசி எடுத்து “அங்கை வெள்ளமோ?” என்று கேட்பது எம்மவர் வழக்கம். இனி ஆவணியிலேயே எடுங்கள். “குளக்கட்டுத் துப்புரவாக்கியாச்சோ? வான் வழி திறந்து கிடக்கோ?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் மறுமுனை தடுமாறினால், எங்கே குழாய் வெடிக்கப் போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.