பெருமை போதும், பேணுவோர் எங்கே?

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் பிரானூரில் ஒரு காலத்தில் எல்லை இருந்தது. இந்தப் பக்கம் சென்னை மாகாணம், அந்தப் பக்கம் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி தமிழகத்தோடு சேர்ந்தபோது அந்த எல்லை வரைபடத்திலிருந்து மறைந்தது. இன்றைய எல்லை புளியரைக்கும் மேற்கே, மலைக்குள் இருக்கிறது. ஆனாலும் பிரானூர் இன்றுவரை ‘பார்டர்’தான். குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பசியோடு வருகிறவர்கள் தேடிப்போவது ‘பார்டர் பரோட்டா’வை. சட்டம் அழித்துவிட்ட ஓர் எல்லைக்கோட்டைப் பரோட்டாக் கல் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதைக் காப்பாற்ற யாரும் சங்கம் வைக்கவில்லை, தீர்மானம் போடவில்லை. நாள் தவறாமல் அடுப்பு எரிந்தது, அதனால் பெயரும் நிலைத்தது. வட்டாரத்தின் பாரம்பரிய அடையாளங்கள் என்று நாம் கொண்டாடுகிறவை எப்படி வாழ்கின்றன, எப்படிச் சாகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை. புகழ்ச்சி ஓர் அடையாளத்தை வாழவைப்பதில்லை. அதைத் தினமும் செய்கிற கை, அதற்கு வேண்டிய மூலப்பொருள், அதைத் தேடிவரும் தேவை ஆகிய மூன்றும் இருக்கும்வரை அது வாழும். இவற்றில் ஒன்று அறுந்தாலும் மிஞ்சுவது பெயர்ப்பலகைதான்.

இந்த அளவுகோலை முதலில் ரயிலுக்கு வைத்துப் பார்க்கலாம். திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து மலையைக் குடைந்து போட்ட கொல்லம்–செங்கோட்டைப் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. ஆரியங்காவுக் குகையும், கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலமும், பச்சை மலைக்குள் வளைந்து ஏறும் மீட்டர்கேஜ் வண்டியும் மூன்று தலைமுறைக்கு மேல் இந்த வட்டாரத்தின் நினைவில் நின்றவை. திருநெல்வேலி–தென்காசிப் பாதை 2012-இல் அகலப்பாதையானது. புனலூர்–செங்கோட்டைப் பகுதியில் 2010-இல் நின்றுபோன ரயில், 2018-இல்தான் அகலப்பாதையில் திரும்ப ஓடியது. மீட்டர்கேஜை அப்படியே விட்டிருக்கலாமே, நீலகிரி மலை ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ தந்த சிறப்பு இதற்கும் கிடைத்திருக்குமே என்று ஆதங்கப்படுகிறவர்கள் உண்டு. ஆதங்கம் புரிகிறது, ஆனால் ஒப்பீடு பொருந்தவில்லை. நீலகிரி ரயில் இன்று பெரும்பாலும் காட்சிக்காகப் பயணம் செய்கிறவர்களுக்கானது. கொல்லம் பாதையின் வேலை இரண்டு மாநிலங்களை இணைப்பது. திருநெல்வேலி–தென்காசிப் பாதையிலுள்ள பாவூர்சத்திரத்தில் ரயில் ஏறுகிறவருக்குத் தேவை சென்னைக்கும் கேரளத்துக்கும் போய்ச்சேரும் வண்டி. அந்தத் தேவையை அகலப்பாதை நிறைவேற்றுகிறது என்றால், 1904-இன் பாரம்பரியம் தொடர்கிறது என்றுதான் பொருள். பதின்மூன்று கண் பாலம் இன்றும் நிற்பதற்குக் காரணமும் அதுவே. அதை வலுப்படுத்தி, அதன் மேலேயே ரயில் விட்டார்கள். ஒதுக்கி வைத்திருந்தால் ஆலும் அரசும் முளைத்திருக்கும்.

ஆக, மாற்றம் எல்லாமே இழப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லா மாற்றத்தையும் வளர்ச்சி என்று வரவேற்கவும் முடியாது. திருநெல்வேலி–தென்காசிச் சாலை நான்கு வழியானபோது, இரு பக்கமும் நிழல் விரித்து நின்ற பழைய மரங்கள் வெட்டப்பட்டன. இங்கே தண்டவாளத்தின் கதை பொருந்தாது. மீட்டர்கேஜ் போன இடத்தில் அகலப்பாதை வந்தது. நிழல் போன இடத்தில் வெயில்தான் வந்தது. ஒன்றை எடுக்கும்போது அது செய்த வேலையை இனி எது செய்யும் என்று கேட்டால், எது தேவையான மாற்றம், எது வெறும் அழிப்பு என்பது விளங்கிவிடும். பாவூர்சத்திரம் என்ற பெயரிலேயே வழிப்போக்கருக்கான சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்கு நிழலும் தங்க இடமும் தருவது அறம் என்று நம்பிய ஊர்களின் சாலை இது. நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றி, அவை மரமாகும்வரை கணக்குக் கேட்பது அந்த அறத்தின் இன்றைய வடிவம்.

தின்பண்டங்களுக்கு வருவோம். திருநெல்வேலி அல்வா என்றதும் நெல்லையப்பர் கோவில் எதிரே மாலையில் திறக்கும் இருட்டுக்கடையும் அங்கே நிற்கும் வரிசையும் நினைவுக்கு வரும். அல்வா செய்வதில் பெரிய ரகசியம் கிடையாது, பொறுமைதான் ரகசியம். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, அதைப் புளிக்க வைத்து, சர்க்கரையோடு நெய் ஊற்றி ஊற்றிக் கிண்ட வேண்டும். தாமிரபரணித் தண்ணீரால் வந்த ருசி என்று ஊர் சொல்லும். தண்ணீரோடு கிண்டுகிறவரின் தோள்வலியையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அல்வா வடநாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் கைப்பக்குவம், கோதுமையோ இங்கே விளைவதில்லை, பரோட்டா மைதாவில் செய்வது, இவற்றையெல்லாம் நம் பாரம்பரியம் என்பது எப்படி என்று கேட்பார்கள். பிறந்த இடத்தைப் பார்த்துப் பாரம்பரியத்தைத் தீர்மானித்தால், இன்று நம் சமையலில் இருக்கும் மிளகாயையும் உருளைக்கிழங்கையும் வெளியே எறிய வேண்டியதுதான். எங்கிருந்து வந்தாலும், ஓர் ஊர் அதைத் தன் நாக்குக்கு ஏற்ப மாற்றி, தலைமுறை தாண்டிக் கைமாற்றிக் கொடுத்துவிட்டால் அது அந்த ஊருடையது. நெல்லைக்காரர் வெளியூர்ப் பயணத்தில் அல்வாப் பொட்டலம் இல்லாமல் உறவினர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. இதைவிடப் பெரிய குடியுரிமைச் சான்று ஒரு தின்பண்டத்துக்கு வேண்டுமா?

அல்வாவுக்குக் கடை இருக்கிறது, பரோட்டாவுக்குப் பலகை இருக்கிறது. இரண்டும் இல்லாத ஒரு பண்டத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. திருக்கார்த்திகை அன்று தென் மாவட்ட வீடுகளில் பச்சைப் பனை ஓலையைக் கீறி, அதற்குள் அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் கலந்து வைத்துக் கட்டி, ஆவியில் வேகவைக்கும் ஓலைக் கொழுக்கட்டை அது. ஓலையின் மணம் மாவில் இறங்கியிருப்பதுதான் அதன் சிறப்பு. வேறு எதில் வைத்து வேகவைத்தாலும் அது வேறு பண்டமாகிவிடும். ஓலைக்கு மரம் வேண்டும், மரத்துக்கு ஏறத் தெரிந்த ஆள் வேண்டும். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது நல்ல முடிவு. ஆனால் வெட்டத் தடை போடுவதால் மரம் நிற்கும், அதில் ஏற ஆள் வந்துவிடமாட்டார். பாளை சீவி, பதனீர் இறக்கி, விறகு எரித்துக் காய்ச்சும் வேலைக்கு உரிய கூலி கிடைக்காததால் பனையேறிகளின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். அந்த வெற்றிடத்தில் சர்க்கரை கலந்த கருப்பட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. விலை குறைந்த கருப்பட்டியை ‘அசல்’ என்று நம்பி வாங்குகிற நாமும் இந்தக் கலப்படத்தில் பங்காளிகள்தான்.

இந்தக் கதையில் பாவூர்சத்திரத்தை அடுத்துள்ள கீழப்பாவூர் எங்கே வருகிறது? சுற்றுலாக் கையேட்டில் பெரிய எழுத்தில் வரும் ஊர் அல்ல அது. பதினாறு கை நரசிம்மரைத் தரிசிக்க வருகிற பக்தர்களைத் தவிர, வெளியூர்க்காரர்கள் பலரும் பாவூர்சத்திரத்தோடு கடந்துபோய்விடுவார்கள். ஆனால் புகழ்பெற்ற அடையாளங்களின் பின்கட்டு இப்படிப்பட்ட ஊர்களில்தான் இருக்கிறது. வயலும் குளமும் பனையும் காய்கறித் தோட்டமும் கறவை மாடும் உள்ள ஊர்கள் இவை. குற்றாலம் பேரருவியில் தலையில் விழுகிற தண்ணீர் சிற்றாறாக ஓடி, வழியில் அணைக்கட்டுகளால் திருப்பப்பட்டு, கால்வாய்களில் இறங்கிக் குளங்களை நிரப்பிவிட்டுத்தான் சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர்கிறது. சீசன்காரருக்குச் சாரல் மூன்று நாள் விடுமுறை, கீழப்பாவூர் வட்டாரத்து விவசாயிக்கு அதுவே கார் சாகுபடிக்கான நம்பிக்கை. அருவியில் எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் பயன்படுத்த உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்ததைக் குற்றாலத்தின் பழைய எண்ணெய்க் குளியலுக்கு வந்த கேடு என்று சிலர் வருந்தினார்கள். கீழே அந்தத் தண்ணீரை நம்பியிருப்பவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், அந்தத் தடை அருவியைக் காக்கும் ஏற்பாடு. வழக்கம் கொஞ்சம் மாறியது, அருவிக் குளியல் மாறவில்லை. அடையாளத்தின் உயிர் எதில் இருக்கிறது என்று அறிந்து, மற்றதை விட்டுக்கொடுப்பதும் பேணுவதில் சேரும்.

இப்போது முக்கியமான எதிர்வாதம். வசதியாக நகரத்தில் வாழ்கிறவர்களின் ஏக்கத்தைத் தீர்ப்பதற்காக, கிராமத்து ஏழை பனை ஏற வேண்டுமா? அனலில் நின்று அல்வா கிண்ட வேண்டுமா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. யாரையும் பரம்பரைத் தொழிலில் கட்டிப்போடும் உரிமை யாருக்கும் இல்லை. பனையேறி வீட்டுப் பிள்ளை பட்டம் படித்து வேறு வேலைக்குப் போனால் அது மகிழ வேண்டிய செய்தி. ஆனால் ஒரு தொழிலைவிட்டு ஒருவர் விரும்பிப் போவதும், வயிறு நிரம்பாததால் துரத்தப்படுவதும் ஒன்றாகாது. நல்ல கூலி, பாதுகாப்பாக மரம் ஏறக் கருவி, விழுந்து அடிபட்டால் காப்பீடு, வேலை இல்லாத மாதங்களுக்கு உதவி ஆகியவை இருந்தால், விரும்பி வருகிறவர்கள் சிலராவது எந்தச் சாதியிலிருந்தும் வருவார்கள். தொழிலுக்கு மரியாதை கொடுப்பது என்பது மேடையில் பொன்னாடை போர்த்துவதோடு முடிவதல்ல. அந்தப் பொருளுக்கு உரிய விலையை முணுமுணுக்காமல் கொடுப்பதும் அதில் அடங்கும்.

அரசுதான் புவிசார் குறியீடு வாங்கித் தருகிறதே என்பது இன்னொரு பதில். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இலும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இலும் அது கிடைத்தது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் கிடைத்திருக்கிறது. வரவேற்க வேண்டியதே. பெயரைத் திருடி விற்பதை அது தடுக்கும். ஆனால் அது காப்பது பெயரை. பாலுக்குக் கட்டுப்படியாகும் விலையையோ, பதனீர் இறக்க ஆளையோ, கோரைப்புல் வளர ஆற்றங்கரையையோ அந்தச் சான்றிதழ் தராது. பத்தமடைப் பாய்க்கும் குறியீடு உண்டு. ஆனால் தறியில் குனிந்து உட்காரும் அடுத்த ஆள் யார் என்ற கேள்விக்குச் சான்றிதழில் பதில் இல்லை. உலக அனுபவமும் இதையே சொல்கிறது. 2017-இல் யுனெஸ்கோ இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாவைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்று செய்தி வந்தபோது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பட்டியலில் ஏறியது பீட்சா அல்ல, அதைச் செய்கிறவரின் கலை. 2022-இல் பிரான்சின் பகெட் ரொட்டிக்குக் கிடைத்த அங்கீகாரமும் அதைச் சுடுகிறவரின் கைத்திறனுக்கானதே.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க நாம் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை, தென்காசிக்குப் போனால் போதும். 1446-இல் காசி விசுவநாதர் கோவிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், அங்கே பாட்டாகவே ஒரு கல்வெட்டை விட்டுச் சென்றிருக்கிறான். கட்டியவன் நான், என்னைப் புகழுங்கள் என்று அவன் கேட்கவில்லை. பிற்காலத்தில் இந்தக் கோவிலுக்குக் குறை வந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறிய இப்போதே வணங்குகிறேன் என்கிறான். பிறக்காத தலைமுறையைப் பார்த்து ஒரு மன்னன் கைகூப்பிய இடம் அது. அவன் அஞ்சியபடியே குறையும் வந்தது. கோபுரம் சிதைந்து, மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றது. 1990-இல்தான் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது. இன்று தென்காசி மாவட்டத்தின் முகமாக எல்லோரும் படம் எடுத்துக்கொள்வது அந்தக் கோபுரத்தைத்தான். கட்டுகிறவரைவிடப் பேணுகிறவர் மேல் என்ற பாண்டியனின் கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. புது மாவட்டத்துக்கு அடையாளச் சின்னங்களும் வரவேற்பு வளைவுகளும் வைக்க ஆசைப்படுவது இயல்பு. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. சிற்றாற்றுக் கால்வாய்களைச் சாரலுக்கு முன்பே தூர்வார வேண்டும். அசல் கருப்பட்டியைச் சோதித்து, உரிய விலைக்கு விற்கக் கூட்டுறவுக் கடைகள் வேண்டும். நான்குவழிச் சாலையோரம் நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ரயில் நேரங்கள் பாவூர்சத்திரம் போன்ற சிறு நிலையங்களின் பயணிகளுக்கும் உதவும்படி அமைய வேண்டும். இவற்றில் எதுவும் படம் பிடித்துப் போட அழகாக இருக்காது. ஆனாலும் இவை நடந்தால் அல்வாவும் அருவியும் ஓலைக் கொழுக்கட்டையும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். வாசகர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது: வருகிற கார்த்திகைக்குக் கருப்பட்டி வாங்கும்போது, விலை ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்பதற்கு முன், இதைக் காய்ச்சியவருக்கு எவ்வளவு போய்ச்சேரும் என்று கேளுங்கள்.