யார் அந்த ஆம்பள?

பழைய பைக் விளம்பரங்களை நினைத்து உருகுகிறார்கள் சில நண்பர்கள். 2001இல் பஜாஜ் பல்சர் ‘டெஃபனட்லி மேல்’ என்று வந்ததே, சந்தேகமில்லாத ஆம்பள வண்டி, அந்தத் திமிர் இப்ப எந்த விளம்பரத்துல இருக்கு என்கிறார்கள்.

அந்த ஆம்பள யாரு? 1950களிலிருந்து திருவொற்றியூரில் தயாரான புல்லட், முதலில் ராணுவத்துக்கென்று வந்த வண்டி. பிறகு போலீஸ், ஊர்ப்பக்கம் பண்ணையார். அந்த ‘டப் டப்’ கேட்டாலே சேரி ஒதுங்கி நின்றது. விளம்பரக்காரன் விற்றது எஞ்சினை மட்டுமா? அடுத்தவன் ஒதுங்குவதையும் சேர்த்துத்தான்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் வைத்திருந்த தலித் கல்லூரி மாணவர் கைகளில் வெட்டப்பட்டார். இந்தச் சாதிக்காரனுக்குப் புல்லட்டா என்று கேட்டு வெட்டியதாகப் புகார். மூன்று பேர் கைது. வெட்டு விழுந்தது கையில், கவனியுங்கள். ஆக்சிலேட்டர் முறுக்குகிற கை.

இப்போது புல்லட் தயாராவது நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும். ஞாயிறு காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை வரிசையாகப் போகிறார்கள், தோல் ஜாக்கெட், கூலிங் கிளாஸ். அங்கே யாரும் சாதி கேட்பதில்லை. உள்ளே ஏதாவது ஊர்த்தெருவுக்குள் திருப்பிப் பாருங்கள். நான் வங்கியில் டூவீலர் கடன் மனு வாங்குகிறவன். தவணை எல்லாருக்கும் ஒன்றுதான், தெரு மட்டும் ஒன்றில்லை.

நமக்குள்ளும் ஒரு பேச்சு பாக்கி. நம்ம பையன்களும் அந்த ‘ஆம்பள’ பட்டத்தை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிற அக்கா தங்கச்சிகளிடம் சாவியை எப்போ கொடுக்கப்போறீங்க?