நாக்கு இல்லாத ஏழைகள்

நம்மிடையே அபிப்பிராயத்துக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷங்களில்கூட அது தாராளமாகக் கிடைத்தது. நகரத்தைப் பற்றி, ஏழ்மையைப் பற்றி, தெருவுக்குத் தெரு வந்துவிட்ட அயல்நாட்டுத் தீனியைப் பற்றி எவரைக் கேட்டாலும் தயாராக ஒன்று வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் கேட்கிறோம், ஆபீஸில் கேட்கிறோம், கல்யாணப் பந்தியில் கேட்கிறோம். பிறகு அதே அபிப்பிராயங்களை, வரிகளை மடக்கிப் போட்ட நிலையில், நம் சிறு பத்திரிகைகளிலும் படிக்கிறோம். இந்தக் கடைசி விஷயத்தை முன்னிட்டுத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அபிப்பிராயங்கள் மூன்று. முதலாவது: நகரம் இதயமற்றது, மனிதனை யந்திரமாக்குகிறது, கிராமத்தில் சோறு குறைவாக இருந்தாலும் மனுஷத்தனம் இருந்தது. இரண்டாவது: இன்று உண்மையான ஏழை எங்கே இருக்கிறான்? குடிசையில் டி.வி. ஓடுகிறது, ராத்திரியானால் ஃப்ரைடு ரைஸ் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகிறான். மூன்றாவது: அயல்நாட்டுச் சாப்பாடு நம் வயிற்றையும் கலாசாரத்தையும் கெடுத்துவிட்டது, கம்பும் கேழ்வரகும் தின்று திடமாக இருந்த ஜனங்கள் மைதாவைத் தின்று நோயாளியாகிவிட்டார்கள்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரிதான் தெரிகிறது. சேர்த்து வைத்துப் பார்த்தால், ஏழை தன் ஊரில், தன் கூழோடு, வைத்த இடத்தில் இருந்திருக்கலாம் என்ற ஒரே ஆசையை மூன்றும் மூன்று குரலில் சொல்கின்றன. இதைச் சொல்பவர்கள் கொடியவர்களல்லர். பெரும்பாலும் நல்லவர்கள், பிச்சை போடுகிறவர்கள், நம் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர்கள். ஏழைக்குப் பசி உண்டு என்று ஒப்புக்கொள்வதில் அவர்களுக்குத் தடையில்லை. பசி அவர்களுடைய கருணைக்கு இடம் தருகிறது. ஏழைக்கு நாக்கு உண்டு என்னும்போதுதான் முகம் சுருங்குகிறது. அவன் காரம் கேட்கிறான், மொறுமொறுப்புக் கேட்கிறான், நேற்றுத் தின்றதையே இன்றும் தின்ன மறுக்கிறான் என்றால், அவன் ஏழையே இல்லை என்று தீர்ப்பாகிவிடுகிறது.

சர்க்காரின் கணக்கும் இதே அபிப்பிராயத்திலிருந்து பிறந்ததுதான். 2011 செப்டம்பரில் திட்டக் கமிஷன், நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய் செலவழிக்கக்கூடியவன் ஏழையல்ல என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தது. 2014ல் ரங்கராஜன் கமிட்டி அதை 47 ரூபாயாக உயர்த்திற்று. இடையில், 2013ல், ஆளுங்கட்சிப் பேச்சாளர் ஒருவர் பம்பாயில் 12 ரூபாய்க்கு வயிறாரச் சாப்பிடலாம் என்றார். தேசமே சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள் சண்டை போட்டது தொகையைப் பற்றி. ஒரு மனிதனைச் சாகாமல் வைத்திருக்க எவ்வளவு போதும் என்ற கேள்வியின் அசிங்கம் யாரையும் உறுத்தவில்லை.

அதே 2013ல் சென்னையில் அம்மா உணவகங்கள் வந்தன. இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். மூட்டை தூக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், வேலை தேடி வந்த பையன்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். இதை நான் கேலி செய்யப் போவதில்லை. ஆனால் நம்மவர்கள் சொன்னது என்ன? ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்றார்கள், வசதியுள்ளவனும் வந்து சாப்பிடுகிறான் என்றார்கள். சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததா என்று கேட்ட ஒருவரை நான் சந்திக்கவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1937ல் விகன் நகரத்துச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், வேலையில்லாதவனுக்குச் சத்தான சப்பென்ற உணவில் நாட்டமில்லை, சற்று ருசியான எதையாவதுதான் அவன் தேடுகிறான் என்பதைக் கவனித்திருக்கிறார். கணக்குப் போட்டுச் சிக்கனம் போதித்த கனவான்களுக்கு எதிராக அவர் அதை எழுதினார். அந்தக் கனவான்கள் இன்று தமிழில் பேசுகிறார்கள்.

இனி அயல்நாட்டுத் தீனிக்கு வருவோம். பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலமானால் அத்தோ வண்டிகள் நிற்கும். மஞ்சள் நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ. கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு மிதக்கும் மொய்ங்கா சூப். வாரக் கடைசியில் பட்டியல் போட்டுத் தின்னக் கிளம்புகிற புதிய ரசிகர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 'சர்வதேச உணவு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இது எப்படி இங்கு வந்தது என்பது அவர்களுடைய அபிப்பிராயத்துக்குத் தேவைப்படவில்லை.

1962 மார்ச்சில் பர்மாவில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷங்களில் கடைகளும் வியாபாரமும் தேசியமயமாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. தலைமுறைகளாக அங்கிருந்த தமிழர்கள், மூட்டை தூக்கியவர்கள், சிறுகடை வைத்திருந்தவர்கள், வயலில் கூலி செய்தவர்கள், ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பலேறினார்கள். வியாசர்பாடியிலும் மற்ற இடங்களிலும் குடியமர்த்தப்பட்டார்கள். பர்மா பஜார் உண்டாயிற்று. சுங்கத்தில் பறிமுதல் செய்ய முடியாத சொத்து நாக்கு ஒன்றுதான். அதை வைத்து அவர்கள் வண்டி போட்டார்கள்.

இதற்கு முந்திய அத்தியாயம் இன்னும் சங்கடமானது. யுத்தத்துக்கு முன் உலகத்தில் அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த தேசம் பர்மா. சென்னை ராஜதானி தின்ற அரிசியில் அதற்கும் பங்குண்டு. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் போனபோது, தெற்குப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. பர்மியக் குடியானவனின் வெறுப்பு அங்கே முளைத்தது. அதன் கடைசி அறுவடையில் லேவாதேவிக்காரனோடு கூலிக்காரனும் சேர்த்து வெட்டப்பட்டான். ஒரு தட்டு அத்தோவில் இவ்வளவும் இருக்கிறது. கலாசாரக் கேடு என்பவரும் கலாசார வைபவம் என்பவரும் ஒரே அளவுக்கு இதைப் பார்க்காதவர்கள்.

மைதாவின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவின் பி.எல். 480 சட்டம் 1954ல் வந்தது. 1956ல் இந்தியா அதன்கீழ் ஒப்பந்தம் போட்டது. மழை பொய்த்த பின் 1966ல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதியாயிற்று, பெரும்பகுதி கோதுமை. மறு வருஷத் தேர்தலில் இங்கே ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற கோஷம் வென்றது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கிடைத்தது. கோஷமெல்லாம் அரிசியைப் பற்றியே இருக்க, மாவு சத்தமில்லாமல் நாக்குக்குள் புகுந்தது. பரோட்டாவைக் கப்பல் கோதுமை மட்டும் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை. அதற்கு வேறு வழிகளும் உண்டு. ஆனால் மாவு மலிந்த இடத்தில்தான் பரோட்டாக் கல் சூடாகிறது. 1945க்குப் பிறகு ஜப்பானிலும் இதுவே நடந்தது. அமெரிக்க மாவு வந்து இறங்க, கள்ளச் சந்தைத் தெருக்களில் சீனப் பாணி சூப் நூடுல்ஸ் கடைகள் பெருகின. அதுதான் இன்று நம் பெரிய ஹோட்டல்களில் பீங்கான் கிண்ணத்தில் ராமென் என்று வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் வீட்டில் அடுப்பில்லாதவன் தெருவில் நின்று தின்ற பீட்ஸா, பஞ்சம் பிழைக்க அமெரிக்கா போன இத்தாலியர்களோடு போய், கம்பெனிச் சரக்காகி, குளிர்சாதனம் போட்டுக்கொண்டு இங்கு வந்திருக்கிறது.

ஆக, அயல்நாட்டு உணவு பணக்காரன் இறக்குமதி செய்த ஆடம்பரம் என்பது பாதிக்கு மேல் பொய். அதில் பெரும்பகுதி ஓர் ஊர் ஏழையின் சாப்பாடு. இன்னோர் ஊருக்கு ஏழையின் மூட்டையிலோ, பஞ்சத்துக்கு வந்த கப்பலிலோ வந்து சேர்ந்தது. நம் ராத்திரிக் கடைகளில் 'சைனீஸ்' கிளறுகிறவன் சீனனா? நேபாளத்துப் பையன், மணிப்பூர்ப் பையன், ஒரிஸ்ஸாப் பையன், அல்லது திண்டிவனத்துப் பையன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இவர்களுக்கு வேலையும் போயிற்று, படுத்த இடமும் போயிற்று. அவர்களுடைய ஃப்ரைடு ரைஸைக் கலாசாரப் படையெடுப்பு என்று வர்ணித்தவர்களுக்கு, படையெடுத்தவர்கள் ரயிலில்லாமல் சாலையில் நடந்து போனது முரணாகப் படவில்லை.

மைதா உடம்புக்கு ஆகாது என்பார்கள். இருக்கலாம். சர்க்கரை வியாதி குடிசைக்கும் வந்துவிட்டது, அது விளையாட்டு விஷயமில்லை. ஆனால் கூழுக்குத் திரும்பு என்ற உபதேசத்தின் விலையைப் பாருங்கள். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக்கிற்று. வரகும் சாமையும் அழகான அட்டைப்பெட்டியில் ஏறி உட்கார்ந்து, பளபளப்பரிசியைவிட அதிக விலைக்கு விற்கின்றன. ஏழையின் தானியத்தை நாம் வாங்கிக்கொண்டோம், நம் மாவை அவனுக்கு விட்டுவிட்டோம், பிறகு மாவைத் தின்கிறான் என்று அவனைக் கடிந்துகொள்கிறோம். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு, ஒற்றை அறையில் ஊற வைத்து, இடித்து, காய்ச்சச் சொல்கிறவர் வீட்டில் சமையல் செய்வது யார் என்றும் விசாரிக்க வேண்டும்.

கிராமத்து மனுஷத்தனத்துக்கு 1948 நவம்பர் 4ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பதில் சொல்லிவிட்டார். அறியாமைக்கும் குறுகிய புத்திக்கும் உறைவிடம் என்ற பொருளில் அவர் கிராமத்தைப் பேசியதை நம் நகர எதிர்ப்புக் கவிஞர்கள் ஒருமுறையாவது வாசித்திருக்கலாம். தட்டு வண்டி முன்னால் நிற்கிறவனிடம் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. தனி டம்ளர் கண்டவனுக்கு இது சின்ன விஷயமில்லை. நகரம் சுத்தமானது என்று நான் வாதாடவில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் நகரமும் ஜாதி கேட்கும். நீங்கள் வெஜிடேரியனா என்பது அந்தக் கேள்வியின் நாகரிக உச்சரிப்பு. நகரத்தின் கொடுமை எந்திரங்களின் இரைச்சலில் இல்லை. அதற்கு விலாசம் இருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 1970ல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது குடிசை இருந்த இடத்திலோ பக்கத்திலோ வீடு கட்டுவது பேச்சாக இருந்தது. 2000க்குப் பிறகு, கூவத்தின் கரையிலிருந்தும் அடையாற்றின் கரையிலிருந்தும் ஜனங்களை வாரி, வேலை செய்யும் இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொட்டுவது வழக்கமாயிற்று. 2015 வெள்ளம் அதற்கு நல்ல காரணமாயிற்று. 2021ல் வாரியத்தின் பெயரை மாற்றினார்கள். வீட்டுவேலைக்குப் போகும் பெண் விடியுமுன் பஸ் பிடித்து, இருட்டியபின் திரும்புகிறாள். அவள் ஏன் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகிறாள் என்பது இப்போது புரிகிறதா?

நம் நகரக் கவிதைகளில் இவற்றில் எது வந்திருக்கிறது? பீட்ஸாக் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்கும் சிறுவன் வந்திருக்கிறான். சலிக்கச் சலிக்க வந்திருக்கிறான். அந்தச் சிறுவனின் முகம் யாருக்குத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பவருக்குத்தான். கவிஞர் இருக்கும் இடம் அது. சிறுவன் அங்கிருந்து நகர்ந்து எங்கே போனான், எட்டு மணிக்கு என்ன தின்றான், அது காரமாக இருந்ததா, யாரோடு பங்கு போட்டான் என்பது கவிதையில் இல்லை. அவனுக்கு வயிறு கொடுத்த கவிஞர் நாக்குக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் கேட்ட அபிப்பிராயமும் இவ்வளவுதான் கொடுத்தது. பிறகு கவிதை எதற்கு?

புதுமைப்பித்தனின் 'பொன்னகர'த்தில் அம்மாளு என்ன காரணத்துக்காகச் சந்துக்குள் போகிறாள்? கற்பைப் பற்றி நம் விமர்சகர்கள் நிறைய எழுதியாயிற்று. அந்தக் காரணம் பால்கஞ்சி. அடிபட்டுக் கிடக்கும் புருஷனின் ஆசை அது. வெறும் கஞ்சி என்று எழுதியிருந்தால் அது பசியைப் பற்றிய கதையாகியிருக்கும். பால்கஞ்சி என்றதால்தான் படுத்துக் கிடப்பவன் ஆளாகிறான், அவள் செய்த காரியத்துக்கும் கனம் ஏறுகிறது. ஏழையின் நாக்கை மதித்த எழுத்து நம்மிடையே இருந்திருக்கிறது. அதைத் தாண்டிப் போயிருக்க வேண்டிய நாம் அதற்கும் பின்னால் நிற்கிறோம்.

அடுத்த நகரக் கவிதைக்கு உட்காரும் நண்பர், முதலில் ஒரு பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது, என்ன விலை, கிளறியவன் எந்த ஊர், மாவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளட்டும். அதற்கு அவகாசமில்லை என்றால், அபிப்பிராயத்தைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கட்டும். அதை எடுத்துக்கொள்ள அங்கே ஆள் நிறைய இருக்கிறார்கள்.